சங்கத்துக்கு மலர் போடப் போகிறீர்களா?

உங்கள் சங்கத்தில் யாராவது, "மூத்த உறுப்பினர்களோட வாழ்க்கைக் கதையெல்லாம் தொகுத்து ஒரு மலர் போட்டுடலாமே, நீங்கதான் நல்லா தமிழ் எழுதுவீங்களே" என்று பேச்சை ஆரம்பித்தால், தலையாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் போட்டேன், புத்தகம் வந்தது, அதில் பெரும்பகுதி எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் என் கைக்காசு 1,430 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனது. ஏறக்குறைய ஓராண்டு வார இறுதிகள் போயின. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் சில மாதங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்த யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதி தவிர்ந்திருக்கும். மலர் வெளியிட்ட சங்கங்கள் இங்கே எவ்வளவோ. அச்சகத்துக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்று வாய் திறப்பவர்கள்தான் இல்லை.

நான் சிங்கப்பூர் வந்து இருபது ஆண்டு தாண்டிவிட்டது. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மகன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்கு, போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. அந்த நேரத்தில் தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனதுதான் இந்தச் சங்கம். ரோட்டரி என்ற உலகளாவிய சேவை இயக்கத்தின் குடும்பத்தில் ஒரு சின்னச் சங்கம், பெயர் வேண்டாம். புதன்கிழமை இரவு ஏழரைக்கு, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஓர் உணவகத்தின் மாடியில் கூடுவோம். முப்பது பேருக்குள்தான். பெரும்பாலும் தமிழர்கள், சில மலையாளிகள், ஒரு சிந்திக் குடும்பம், இரண்டு சீனர்கள்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலைவர் மணி அடிப்பார். சாப்பாடு, அறிவிப்புகள், பிறகு ஓர் உண்டியல் சுற்றி வரும். வீட்டில் நல்ல சேதி இருப்பவர்கள் அதைச் சொல்லிவிட்டு வெள்ளி போடலாம். பேத்தி பிறந்தாள், பையனுக்கு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாவி கிடைத்தது, முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது, எதற்கும் காசு உண்டு. தாமதமாக வந்தால் அபராதம், சட்டையில் சின்னம் குத்த மறந்தால் அபராதம். கைப்பேசி ஒலித்தால் கேட்கவே வேண்டாம். எல்லாம் சிரிப்புக்குள் நடக்கும், பணம் அறப்பணிக்குப் போகும். அதன் பிறகு ஒருவர் எழுந்து பேசுவார். புதிதாகச் சேர்ந்தவர் தன் தொழிலைப் பற்றியும் அதற்குள் எப்படி வந்தார் என்பது பற்றியும் பேச வேண்டும் என்பது ரோட்டரியில் பழைய வழக்கம். எங்கள் சங்கத்தில் அது எப்படியோ வாழ்க்கைக் கதையாகவே ஆகிவிட்டது. பழைய உறுப்பினர்களும் ஆண்டுக்கொரு முறை எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

இந்த இயக்கம் பிறந்ததே ஏறக்குறைய இப்படித்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில், வெளியூரிலிருந்து வந்து குடியேறிய பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் பேச்சுத்துணை தேடி மூன்று பேரோடு கூடினார், அவர்களில் ஒருவரான கஸ்டாவஸ் லோர் என்ற சுரங்கப் பொறியாளரின் அலுவலகத்தில். பிறகு முறைவைத்து ஒவ்வொருவர் இடத்திலும் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயர். சிங்கப்பூரில் முதல் சங்கம் 1930-இல் வந்தது. பெண்களுக்கு உலக அளவில் கதவு திறந்தது 1989-இல்தான். அதனால் எங்கள் மூத்த உறுப்பினர்களில் சிலர் பெண்ணே இல்லாத கூட்டங்களைப் பார்த்தவர்கள். நான் சேர்ந்த புதிதில் ஒருவர், "நீங்கல்லாம் வந்தப்புறம்தான் சாம்பாரு சரியில்லன்னு உணவகத்துக்காரன்ட்ட சொல்ல ஆளு வந்துச்சு" என்றார். பாராட்டா என்று இன்னும் புரியவில்லை. வாரா வாரம் கூட வேண்டும் என்ற கட்டாயத்தை 2016-இல் தளர்த்திவிட்டார்கள். எங்கள் பெரியவர்கள் மாற்றவே விடவில்லை. "வாரம் தவறினா யாரு இருக்கா, யாரு போயிட்டான்னே தெரியாது" என்றார்கள்.

சேர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுச் சந்தா எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். எங்களுடையதில் சந்தா 480 வெள்ளி. வாரச் சாப்பாடு 35 வெள்ளி, வந்தாலும் வராவிட்டாலும் முன்பதிவு செய்திருந்தால் கட்ட வேண்டும். ஜூலையில் புதிய தலைவர் பதவியேற்பு விருந்து, பரிசுச்சீட்டு, நிதி திரட்டும் நடை, இன்னொரு சங்கத்து விருந்துக்கு மேசை வாங்குவது எல்லாம் தனி. கணக்குப் பார்ப்பதே என் வேலை என்பதால் முதலாண்டு முடிவில் கூட்டிப் பார்த்தேன். 2,600-ஐத் தாண்டியிருந்தது. அதற்குத் தகுந்தது எனக்குக் கிடைத்தது. உங்களுக்கு எப்படியோ.

கிடைத்தது என்ன என்றால், அந்தக் கதைகள்தான். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர் ஒருவர். பிரிட்டிஷார் படையை விலக்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று 1968 ஜனவரியில் அறிவிப்பு வந்த அன்று அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தாராம், ஏறி மிதிக்கத் தெம்பில்லாமல். பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குக் கப்பலேறியதை விரல் விட்டுச் சொல்வார். அந்தக் கப்பல்துறையைப் பிரிட்டிஷ் அரசு ஒரே ஒரு வெள்ளிக்குச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தது என்பதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார். இன்னொருவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்தவர். 1978 அக்டோபர் 12 அன்று ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அங்கே வெடித்தது, 76 பேர் இறந்தார்கள். பகலுணவு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய நேரம். இவரை மேற்பார்வையாளர் வேறு பக்கம் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்பதில் தொடங்குவார், இறந்தவர்கள் பெயருக்கு வந்ததும் உட்கார்ந்துவிடுவார். அந்த அறையில் யாரும் மேலே கேட்டதில்லை.

இதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று தலைவருக்குத் தோன்றியதில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பெரியவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள், அவர்கள் கதை ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. பன்னிரண்டு பேர் கதை, தமிழில், 160 பக்கம், ஜூலை பதவியேற்பு அன்று வெளியீடு என்று செயற்குழுவில் முடிவானது. எனக்குப் பதவி எதுவும் இல்லை, பொறுப்பு மட்டும் வந்தது.

முதலில் ஒலிப்பதிவு. புதன்கிழமை மேசையிலேயே கைப்பேசியை வைத்துப் பதிந்தேன். கேட்டால் தட்டும் கரண்டியும் குளிர்சாதனமும்தான் பேசின. அந்த வழி உதவாது என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். பகல் மூன்று மணி நல்ல நேரம். தூங்கி எழுந்து, தே குடித்துவிட்டு, சீரியல் தொடங்குவதற்கு முன்னால். கூட்டத்தில் ஆங்கிலத்தில் பத்து நிமிடத்தில் முடிகிற கதை, வீட்டில் தமிழில் இரண்டு மணி நேரம் ஓடும். மனைவி பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. தேதியை அவர்தான் திருத்துவார். ஒரே பதிவை இரண்டு இடத்தில் அன்றே சேமித்துவிடுங்கள். எழுத்தாக்குவதற்கு நினைத்ததைவிட மிக அதிக நேரம் பிடிக்கும். நான் ஒரு கல்லூரி மாணவியை மணிக்கு 15 வெள்ளிக்கு வைத்துக்கொண்டேன், 750 ஆனது.

அடுத்தது தேதிகள். ஒருவர் 1975-இல் ராஜுலா கப்பலில் வந்தேன் என்றார். ராஜுலா 1973-லேயே நின்றுவிட்டது, பிறகு ஓடியது எம்.வி. சிதம்பரம். அதுவும் 1985 தீ விபத்தோடு முடிந்தது. அவருக்குக் கப்பல் தவறா, ஆண்டு தவறா? முகத்துக்கு நேரே "தப்பு" என்று சொன்னால் பெரியவர்கள் சுருங்கிவிடுவார்கள். "அந்தக் கப்பல்ல மேல்தளத்துல யாரெல்லாம் வந்தாங்க ஐயா?" என்று வேறு பக்கமாகப் போனேன். அடுத்த வாரம் அவரே பழைய கடப்பிதழைத் தேடி எடுத்து வந்தார். 1971. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்களைத் தேடிப் பார்க்கலாம். வெள்ளம், தீ, வேலைநிறுத்தம், கப்பல் வருகை எல்லாம் கிடைக்கும். இந்தத் தளம் இல்லாவிட்டால் எங்கள் மலர் பாதி புராணமாகியிருக்கும்.

இனி அந்த எண்பது வயதுப் பெரியவர் விஷயம்.

பொத்தோங் பாசிர் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பிறந்த ஓர் ஐயா. அப்பா நகராட்சித் தொழிலாளி. சுற்றிலும் சீனர்களின் காய்கறித் தோட்டங்கள், மழை பெய்தால் இடுப்பளவு வெள்ளம். 1950-இல் அவருடைய அம்மாவுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. அதே மாதம் அடுத்த வீட்டுச் சீன அம்மாவுக்கு ஐந்தாவது பெண் பிறந்தது. அது சீன நாட்காட்டியில் புலி ஆண்டு. புலி ஆண்டில் பிறந்த பெண் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. சீனப் பெண் குழந்தைகள் இந்திய, மலாய்க் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தக் காலத்தில் அபூர்வமே இல்லை, இன்றும் தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) மல்லிகைப்பூ வைத்து, மூக்குத்தி போட்டு, நம்மைவிட நல்ல தமிழ் பேசும் சீன முகத்துப் பாட்டிகளைப் பார்க்கலாம். அப்படி அந்த வீட்டுக்கு வந்தவர்தான் ஐயாவின் தங்கை. தமிழ்ப் பள்ளியில் படித்து, தாதியாக (நர்ஸாக) வேலை பார்த்து, ஓய்வு பெற்று, அங் மோ கியோவில் மகள் குடும்பத்தோடு இருக்கிறார்.

ஐயா இந்தக் கதையை ஒரு புதன்கிழமை சொன்னார். அண்ணன் தங்கைப் பாசத்தில் தொடங்கி, தைப்பூசத்தில் தங்கை பால்குடம் எடுத்தது வரை. நடுவில் ஒரு வரி: "இருபது வெள்ளி, ரெண்டு டின் பால்மாவு. அந்த விலைக்கு எங்கம்மா வாங்கின தங்கம்யா அது!" அறை முழுக்கச் சிரிப்பு, கைதட்டல், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான். வீட்டில் போய்ப் பதிந்தபோதும் அதையே சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பக்கங்களை வடிவமைத்த தம்பிக்கு அந்த வரி பிடித்துப்போய், பெரிய எழுத்தில் பக்கத்தின் நடுவே கட்டம் கட்டிப் போட்டார். பார்க்க அழகாக இருந்தது.

ஜூலையில் வெளியீடு. 300 பிரதி அச்சிட்டோம், விருந்தில் 40 கைக்குப் போயின. மாலை, பொன்னாடை, படம். மூன்றாம் நாள் தங்கையின் மகள் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அம்மா ரெண்டு தடவ படிச்சிட்டு ரூமுக்குள்ள போயிட்டாங்க. வந்து பேசுறீங்களா?"

போனேன். அந்த அம்மா தே கலக்கிக் கொடுத்தார், பிஸ்கட் எடுத்து வைத்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "என்னைக் கொடுத்தாங்கன்னுதான் அம்மா சொன்னாங்க. வித்தாங்கன்னு சொல்லல." எழுபத்து நான்கு வயதில் அவருக்கு அது புதுச் செய்தி. தத்து என்பது ரகசியமே இல்லை, கண்ணாடியே சொல்லிவிடும். தொகைதான் புதிது. "எங்க சொந்தக்காரங்க எத்தன பேரு கையில இது இருக்கும்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பேருந்தில் திரும்பும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்த வரியை எடுத்துவிடலாம் என்று ஐயாவிடம் சொன்னதும் அவர் வெடித்தார். "என் கதையில என் வரிய வெட்ட அவ யாரு, நீ யாரு? நான் அவளப் பத்திப் பெருமையாத்தானே சொன்னேன்?" அதோடு பேச்சு நின்றது. செயற்குழுவில் ஒருவர், "சின்ன விஷயம்மா, நாலு நாள்ல மறந்துடுவாங்க" என்றார். இன்னொருவர் கறுப்பு மையால் அடித்துவிடலாம் என்றார், எல்லாரும் அந்த இடத்தையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. முடிவு என்ன என்று கேட்டால், "நீங்களே பார்த்துச் செய்யுங்க." மலருக்குப் பொறுப்பேற்கும்போது கிடைக்கும் உற்சாகமெல்லாம் இப்படி ஒரு நாள் வந்தால் கூட்டத்தோடு எழுந்து போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், ஆரம்பத்திலேயே இரண்டாவது ஆள் ஒருவரின் பெயரையும் சேர்த்து எழுத்தில் வாங்கிவிடுங்கள், சிக்கல் வந்தால் உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க.

எங்கள் கூட்டத்தில் நான்கு கேள்விகளை எல்லாரும் சேர்ந்து சொல்வது வழக்கம். 1932-இல் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர், நொடித்துப் போகவிருந்த ஒரு சிகாகோ பாத்திர நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த எழுதியவை, பிறகு ரோட்டரி எடுத்துக்கொண்டது. நாம் சொல்வது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லாருக்கும் நன்மையா. வாரா வாரம் சாப்பாடு ஆறுகிறதே என்ற நினைப்பில் ஒப்பித்தவைதான். ஐயா முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கேள்விக்கு அந்த அம்மா அங் மோ கியோவில் பதில் சொல்லிவிட்டார். மற்ற இரண்டுக்குப் போக வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை, அச்சகத்துக்கு அழைத்துப் பேசினேன்.

இடையில் ஒன்று நடந்தது. திருத்திய பக்கத்தை ஐயா வீட்டில் கொடுக்கப் போனேன். அவர் தொலைக்காட்சியை விட்டுத் திரும்பவில்லை. அவர் மனைவிதான் சமையலறைக்குள் கூப்பிட்டார். "மாமியார் என்கிட்ட சொல்லியிருக்காங்க. அந்தச் சீனம்மாதான் கேட்டாங்களாம், சிவப்புத் தாள்ல சுத்திக் கொஞ்சம் காசு கொடுங்க, அதுதான் எங்க முறை, பிள்ளைக்கு நல்லதுன்னு. அங் பாவ் அது. விலை இல்ல. இவருக்கு அப்ப ஆறு வயசு. காசு எண்ணினதத்தான் பார்த்தாரு." எழுபத்து நான்கு வருடமாக ஓர் ஆறு வயதுப் பையன் பார்த்தது கதையாக ஓடியிருக்கிறது. யாரிடம் கதை கேட்டாலும், "இது நீங்க கண்ணால பார்த்ததா, பிறகு கேள்விப்பட்டதா, அப்ப உங்களுக்கு என்ன வயசு?" என்று கேளுங்கள். என்னிடம் இப்போது இருக்கும் கேள்விகளில் இதைவிட உபயோகமானது வேறு இல்லை.

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது மனசு ஆறியது தெரிந்தது. அப்படியானால் அங் பாவ் விவரத்தோடு அந்த வரியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எனக்கு ஆசை இருந்தது, ஒளிக்கவில்லை. அந்தக் காலத்துத் தத்து முறை பற்றி இப்படி ஒரு விவரம் தமிழில் பதிவாவது லேசான விஷயமா? அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ எவ்வளவு விளக்கம் எழுதினாலும் படிக்கிறவங்களுக்கு இருபது வெள்ளிதான் ஞாபகம் நிக்கும்." வரியை எடுத்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன், முழு மனதோடு என்று சொல்ல முடியாது. (இதை இங்கே எழுதுவதற்கு அவரிடம் கேட்டேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.)

திருத்தும் வேலை இப்படி. பசையால் கட்டிய புத்தகத்தில் ஒரு தாளை மட்டும் உருவ முடியாது. முதுகுப் பக்கம் சிறு விளிம்பு விட்டுத் தாளை வெட்டி, புதிதாக அச்சிட்ட தாளை அந்த விளிம்பில் ஒட்ட வேண்டும். காக்கி புக்கிட்டில் அச்சகத்து மேசையில் உட்கார்ந்து 260 பிரதிகளுக்கும் செய்தோம். அச்சகத்து அண்ணன், நான், சங்கத்திலிருந்து இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் கறுப்பு மை யோசனை சொன்னவர். வெளியே போன 40-இல் 31 திரும்பி வந்தன, அவற்றையும் மாற்றினோம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அச்சு 4,200, பக்க வடிவமைப்பு 900, எழுத்தாக்கம் 750, திருத்தம் 680. மொத்தம் 6,530 வெள்ளி. சங்கம் ஒதுக்கியது 3,000. விளம்பரம் தருகிறேன் என்று கை தூக்கியவர்கள் சொன்ன தொகை 2,400, வந்தது 1,300. மிச்சம் 2,230-ஐ நான் கட்டினேன். ஆண்டு முடிவில் கூட்டத்தில் பேசி 800 திருப்பிக் கொடுத்தார்கள். விளம்பரம் என்றால் பணம் பேநவ்வில் (கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் முறை) வந்த பிறகுதான் பக்கம் ஒதுக்க வேண்டும், கடைக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். செலவில் பத்தில் ஒரு பங்கைத் திருத்தத்துக்கென்று தனியே வைத்துவிடுங்கள். சங்கம் ஒதுக்கியதற்கு மேல் போனால் யார் கட்டுவது என்பது கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும், வாய்ப்பேச்சு உதவாது.

அனுமதித் தாளை இப்போது வேறு மாதிரி எழுதுகிறேன். புதன்கிழமை அறையில் சொன்னது அறையோடு. அச்சுக்கு வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு, தனியாகக் கையெழுத்து. கதையில் உயிரோடு இருக்கும் வேறு யார் வந்தாலும், அவர்களைப் பற்றிய வரிகளை அவர்களுக்கு முன்கூட்டியே காட்டுவது. காலமானவர் என்றால் மிக நெருங்கிய உறவிடம். இறந்து பத்தாண்டு வரை ஒருவருடைய விவரங்களை வெளியிடுவதில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் சில பிரிவுகள் பொருந்தும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காட்டுவதென்றால் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்புவது இல்லை. பக்கம் எப்படி வரப்போகிறதோ அப்படியே, கட்டம், பெரிய எழுத்து, படத்தோடு, தாளில் எடுத்துக் கொடுத்து ஒரு வாரம் அவகாசம். பேச்சில் மறைந்திருந்த வரி கட்டத்துக்குள் போனால் வேறு வரியாகிவிடுகிறது. பணம், நோய், சாதி, சிறை, தத்து, முதல் கல்யாணம், இவற்றில் எது வந்தாலும் மஞ்சள் மை தடவி வைத்துக்கொண்டு கேளுங்கள். சிலர் வீட்டில் சாதியைவிட பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண் பெரிய ரகசியம், அது வேறு.

சொல்ல வேண்டும், ஆனால் இப்போது யாரும் படிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இந்த வேலையைச் செய்கிறது, அங்குள்ள சில பதிவுகளைக் கேட்க அனுமதி பெற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நாமும் அப்படி ஒரு வழி வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஒலிப்பதிவுகளில் மூன்று, சொன்னவர் பிள்ளைகளிடம் மட்டுமே இருக்கின்றன, சங்கத்திடம் பிரதி இல்லை. புத்தகம் வெளியானால் நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும், அது சட்டம். நாங்கள் கொடுத்தது திருத்திய பிரதி. ஒட்டிய தாள் என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

ஐயா தீபாவளிக்கு முன்னால் பேசத் தொடங்கினார், நேராக இல்லை. உண்டியல் சுற்றி வந்தபோது எழுந்து, "தங்கச்சி வீட்டுல முறுக்கு சுட்டு அனுப்பியிருக்கா, அதுக்கு இருபது வெள்ளி" என்று போட்டார். அந்தத் தொகை தற்செயலா என்று நான் கேட்கவில்லை. முறுக்கு மேசையைச் சுற்றி வந்தது, என் பக்கம் வந்தபோது டப்பாவில் உடைந்தது மட்டும்தான் இருந்தது.

திருத்தாத ஒன்பது பிரதிகள் இன்னும் எங்கோ இருக்கின்றன. யாரிடம் இருந்தாலும் புதன்கிழமை ஏழரைக்கு மாடிக்குக் கொண்டுவந்தால் புதியதை மாற்றித் தருகிறோம். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு 35 வெள்ளி கேட்க மாட்டோம்.